ஆறாவது ஸ்டாப்பில் இறங்கியவள்

இருபத்திரண்டு மாத்திரைகள். ஷூ வாங்கிய அட்டைப் பெட்டிக்குள், ஒரு காகிதத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நேற்று மாலை கண்டக்டர் அதைக் கண்டுபிடித்தபோது தொடங்கிய சண்டை, காலையில் பேச்சில்லாத வீடாக விடிந்தது.

கண்டக்டர் என்று தெருவே அழைப்பது அந்த வீட்டு மகளை. எட்டு வருடமாக டவுன் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவள். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பிவிட்டு அண்ணன் வீட்டோடு தங்கிவிட்டவள். குரல் பெரிது, பொறுமை சிறிது.

மாத்திரைகளை ஒளித்து வைத்தவள் அவளுடைய அண்ணி. ஆயத்த ஆடை ஆலையில், தைத்து வரும் சட்டைகளின் பொத்தான்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிற வேலையில் இருந்தவள். பிறந்த வீட்டில் இரண்டு பெண்களில் அவள் இளையவள். அக்கா அவளை இன்றும் அப்படித்தான் நடத்துகிறாள் என்பதால் இளையவள் என்றே சொல்லலாம்.

ஐந்து மாதம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் சொல்ல ஒரு காரணமும் இல்லை. யாரும் சாகவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. காரணம் ஒன்று இருந்திருந்தால் இரக்கப்பட்டிருப்பார்கள். இல்லாததால் கோபப்பட்டார்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு மூன்று மணி நேரம் ஆகியும் அவள் மகளை அழைத்து வரப் போகவில்லை. பள்ளிக்கூட வாட்ச்மேன் போன் செய்ய, அக்காதான் போய் அழைத்துக்கொண்டாள். அன்று போன ஏழு வயதுக் குட்டி, இன்னும் பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறாள்.

"மாத்திரை ஒரு பக்கம், நடை ஒரு பக்கம்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வாரத்தில் ஐந்து நாள், அரை மணிக்குக் குறையாமல். தான் சொல்லும்வரை இரண்டில் எதையும் நிறுத்தக்கூடாது என்றார்.

நடையை ஏற்றுக்கொண்டவள் கண்டக்டர். அவளுக்குத் தெரிந்த அளவுகோல் ஸ்டாப். காலையில் தன் முதல் டிரிப்பில் அண்ணியை ஏற்றிக்கொண்டு போய் இறக்கி விடுவாள். அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே திரும்ப வேண்டும். பஸ் டெர்மினஸ் போய்த் திரும்பும்போது படிக்கட்டில் நின்று, அண்ணி எந்த இடத்தில் இருக்கிறாள் என்று பார்ப்பாள். உட்கார்ந்திருந்தால் பஸ் முழுக்கக் கேட்கும்படி திட்டு விழும். முதல் வாரம் ஒரு ஸ்டாப். அதற்கே மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். நான்காவது வாரம் தூக்கம் திரும்பியது. ஆறாவது வாரம், யாரும் சொல்லாமல் தலை வாரிக்கொண்டாள். இது ஒன்பதாவது வாரம். ஆறு ஸ்டாப்.

இன்று சாயந்தரம் அக்கா வருகிறாள். குட்டியைத் தன் வீட்டருகே உள்ள பள்ளியிலேயே சேர்க்க ஒரு படிவம் கொண்டு வருவாள். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். அம்மா கையெழுத்துதான் பாக்கி. அதைப் போட்டுவிட்டால் குழந்தை திரும்பாது.

*

ஐந்தே முக்காலுக்கு பஸ்ஸில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேருக்கும் இளையவளைத் தெரியும்.

"இன்னிக்கு ஏழாவது ஸ்டாப்பாம்மா?" என்று ஜன்னலோரத்தில் இருந்த நர்ஸ் கேட்டாள்.

"கண்டக்டரைக் கேளுங்க."

"கண்டக்டர் இன்னிக்கு யாரோடயும் பேசறதில்ல" என்றாள் கண்டக்டர். அதை நர்ஸிடம்தான் சொன்னாள்.

தீயணைப்பு நிலையத்தில் பஸ் நின்றது. ஆறாவது ஸ்டாப். இளையவள் எழுந்து கதவருகே வந்தாள்.

"பாதி வழியில உக்காந்தா, அப்படியே உக்காந்துக்கங்க" என்றாள் கண்டக்டர், டிக்கெட் பையைப் பார்த்தபடி. "இன்னிக்கு நான் எழுப்ப வரமாட்டேன். என் அண்ணன் ஏழு மாசத்துல பாதியா இளைச்சுட்டான். குழந்தை வேற வீட்ல வளருது. இருந்த ஒரு மருந்தையும் செருப்புப் பெட்டியில போட்டு மூடி வெச்சிருக்கீங்க. நல்லா இருக்கணும்னு எண்ணமே இல்லாத ஆளுக்கு நான் எதுக்கு விசில் ஊதணும்?"

பஸ்ஸில் யாரும் திரும்பவில்லை. திரும்பாமலே எல்லோரும் கேட்டார்கள்.

"முடிச்சுட்டியா?" என்றாள் இளையவள்.

"இன்னும் நிறைய இருக்கு. டைம் இல்ல."

கண்டக்டர் விசில் ஊதினாள். பஸ் நகர்ந்தது.

கோபத்தில் சொல்லும் வார்த்தைக்கு எடை தெரியாது. சொன்னவள் நாலு டிக்கெட் கிழிப்பதற்குள் அதை மறந்துவிடுகிறாள். கேட்டவளோ அதைச் சுமந்துகொண்டு நடக்கிறாள்.

இளையவள் வீட்டுப் பக்கம் பத்தடி நடந்தாள். பிறகு நின்றாள். அக்கா வீடு ஒன்பதாவது ஸ்டாப்பில் இருக்கிறது, எதிர்த் திசையில். சாயந்தரம்வரை காத்திருந்து, அக்கா நீட்டும் பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியாது என்று தோன்றியது. திரும்பினாள். பஸ் ரோட்டில் போனால் திரும்பி வரும் கண்டக்டர் பார்த்துவிடுவாள். தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஓடும் தெருவில் இறங்கி வேகமாக நடந்தாள்.

*

டெர்மினஸிலிருந்து பஸ் திரும்பி வந்தது. தீயணைப்பு நிலையத்தைத் தாண்டியதும் கண்டக்டர் படிக்கட்டுக்கு வந்தாள். எழுப்ப வரமாட்டேன் என்று சொன்னவளின் கண்கள் நடைபாதையிலேயே இருந்தன.

பெயிண்ட் கம்பெனி ஸ்டாப்பில் அண்ணி இல்லை. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இல்லை. அடுத்தது பாலம்.

நடக்கத் தொடங்கி மூன்றாவது வாரம், அந்தப் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணி தண்ணீரைப் பார்த்து நின்றதை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். அன்று பஸ்ஸிலிருந்து குதித்து ஓடினாள். "சும்மா பார்த்தேன்" என்றாள் அண்ணி. இரண்டு பேரும் அதைப் பற்றி அப்புறம் பேசியதில்லை.

"டிரைவரண்ணே, பாலத்து நடுவுல ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

"இங்க எங்க ஸ்டாப்பு?"

"நிறுத்துங்கண்ணே."

அவள் குரல் சிறியதாக வந்தது. அதைக் கேட்டுப் பழக்கமில்லாத டிரைவர் சட்டென்று நிறுத்தினார்.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தாள். கலங்கிய தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தலைகீழாக மிதந்து போயிற்று. வேறொன்றும் இல்லை. பின்னால் பயணிகள் முணுமுணுத்தார்கள். ஆபீஸுக்கு லேட், இவங்களுக்கு வேடிக்கை.

கண்டக்டர் சாமி கும்பிட்டுப் பல வருடம் ஆகிறது. கேட்டதைக் கொடுக்காதவரிடம் போய் நிற்பானேன் என்பது அவள் கட்சி. இப்போது கையைக் கூப்பக்கூடத் தோன்றாமல், அந்தத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்.

"கடவுளே, திட்டறதுக்காவது அவங்களைத் திருப்பிக் குடு."

இதைவிட நேர்மையான பிரார்த்தனை அன்று அந்த ஊரில் எழுந்திருக்காது.

வீட்டு ஸ்டாப் வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். கதவில் பூட்டு. அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் ரொட்டி ஆலையில் அடுப்படி வேலை செய்பவன். விடியுமுன்பே போனால் மதியம்தான் திரும்புவான். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

"அண்ணி அங்க வந்தாங்களா?"

"இங்க எதுக்கு வரா? நீதானே கூட்டிட்டுப் போனே?"

"கூட்டிட்டுத்தான் போனேன். வழியில காணோம்."

"காணோம்னா? அவ என்ன குடையா, பஸ்ஸுல விட்டுட்டு வர்றதுக்கு? என்ன சொன்னே அவளை?"

கண்டக்டர் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"சொல்லு. உன் வாயை எனக்குத் தெரியும். என்ன சொன்னே?"

டிரைவர் ஹாரன் அடித்தார். அடுத்த டிரிப்புக்கு நேரமாகிவிட்டது.

*

அக்கா, தனியார் பள்ளி ஒன்றில் அலுவலக எழுத்தர். வரும் ஒவ்வொருவரிடமும் "எந்தப் படிவம்?" என்று கேட்டுப் பழகியவள். வாசல் கேட்டில் தங்கை நிற்பதைப் பார்த்ததும், கையில் இஸ்திரிப் பெட்டியோடு ஜன்னல் வழியாகவே கேட்டாள்.

"என்ன இவ்வளவு காலையில?"

"குட்டியைப் பார்க்கணும்."

அக்கா வெளியே வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

"சாயந்தரம் நானே வரேன்னு சொல்லியிருந்தேனே."

"கையெழுத்துப் போட மாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். அவ்வளவு தூரம் நீ வீணா வர வேண்டாம் பாரு."

"உன் வீட்டுக்காரர் போட்டுட்டார்."

"அவர் ரெண்டு மணிக்கு எழுந்து வேலைக்குப் போறவர். தூக்கக் கலக்கத்துல யார் எதை நீட்டினாலும் போடுவார்."

"அவரைத் தூக்கத்துல நடக்கறவர்ங்கறியா? நல்ல ஜோக். அஞ்சு மாசம் தூங்கினது யாரு?"

இளையவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நடந்து வந்ததில் முகம் வியர்த்திருந்தது.

"நான் நடக்கறேன் அக்கா. ஒன்பது வாரமா. இப்பவும் ஆறாவது ஸ்டாப்லேர்ந்து நடந்துதான் வரேன்."

"அதுக்கு? மேளம் கொட்டி வரவேற்கணுமா? ஊர்ல எல்லாருந்தான் நடக்கறாங்க. நடந்தா மனசு சரியாயிடும்னா தபால்காரர் ஒருத்தரும் அழுதிருக்கவே மாட்டார்."

"சரியாயிடுச்சுன்னு சொல்லலை. முந்தி காலையில கண்ணைத் திறந்தா, எதுக்குத் திறந்தோம்னு இருக்கும். இப்ப திறந்ததும் ஷூ எங்கேன்னு தேடறேன். அவ்வளவுதான் வித்தியாசம். உனக்கு அது சின்னதாத் தெரியலாம்."

"எனக்கு என்ன தெரியுதுன்னு சொல்லட்டுமா?" அக்காவின் குரல் தாழ்ந்தது. "அன்னிக்கு அந்த ஸ்கூல் வாசல்ல, பையை மடியில வெச்சுக்கிட்டு, வர்ற ஒவ்வொரு பஸ்ஸையும் எழுந்து எழுந்து பார்த்துட்டிருந்தா குட்டி. அதுதான் தெரியுது. நீ பார்க்கலை. நான் பார்த்தேன்."

இளையவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

உள்ளேயிருந்து குட்டி வந்தாள். சீருடைப் பாவாடை, மேலே வீட்டுச் சட்டை. அம்மாவைப் பார்த்ததும் பெரியம்மாவின் பின்னால் பாதி மறைந்தாள்.

"நீ இங்க படுத்துக்க வந்தியா?"

"இல்லடா."

"இங்க வேற கட்டில் இல்ல. நானே பெரியம்மாகூடத்தான் படுக்கறேன்."

"எனக்குக் கட்டில் வேண்டாம். நான் நடந்து வந்தேன்."

குட்டி அம்மாவின் கால்களைப் பார்த்தாள். சற்று யோசித்தாள். பிறகு கேட்டின் தாழ்ப்பாளைத் தானே எக்கித் தள்ளிவிட்டு வெளியே வந்து, குனிந்தாள்.

"லேஸ் அவுந்திருக்கு. தடுக்கி விழுவே."

சிறு விரல்கள் மெதுவாக வேலை செய்தன. ஒரு வளையம், அதைச் சுற்றி இன்னொரு வளையம், கடைசியில் மறுபடி ஒரு முடிச்சு.

"ரெண்டு முடிச்சு போட்டா அவுறாது. பெரியம்மா சொல்லிக் குடுத்தாங்க."

"நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள் இளையவள். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அக்கா வேறு பக்கம் பார்த்தாள். யார் வீட்டுக் குழந்தையையும் பிடுங்கிக்கொள்ளும் ஆசை அவளுக்கு இல்லை. மறுபடி அந்த ஸ்கூல் வாசலில் அது தனியாக உட்காரக் கூடாது, அவ்வளவுதான். பயத்துக்குக் கோபத்தின் முகம் எவ்வளவு எளிதாகப் பொருந்திவிடுகிறது.

"படிவத்தை" என்று ஆரம்பித்தாள் அக்கா. "ஆபீஸ்ல கேட்டுப் பார்க்கறேன். ஒரு மாசம் தள்ளி வெச்சு..."

அப்போது பஸ் வந்து நின்றது.

*

பஸ் முழுவதும் நிற்பதற்கு முன்பே கண்டக்டர் குதித்தாள். டிக்கெட் பை தோளில் ஆட, ஓடி வந்தாள். அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உயிரோடதான் இருக்கியா நீ? பாலத்துல பஸ்ஸை நிறுத்தித் தண்ணியில தேடிட்டு வரேன் நான். நாப்பது பேர் என்னைத் திட்டறாங்க. மூணு வாரமா மாத்திரையை நிறுத்திட்டு ஒருத்தி காணாமப் போனா, நான் என்னன்னு நினைக்கறது? சொல்லு."

எட்டு வருடத்தில் முதன்முறையாக அண்ணியை அவள் 'நீ' என்று சொன்னாள். அது அவள் காதில் விழவில்லை. வேறொன்று எல்லோர் காதிலும் விழுந்தது.

"மாத்திரையை நிறுத்திட்டாளா?" என்றாள் அக்கா.

கண்டக்டர் அப்போதுதான் அவளைப் பார்த்தாள்.

"அது வந்து... நான் ஏதோ பதட்டத்துல..."

"நிறுத்திட்டாளா இல்லையா?"

"நிறுத்தலைங்க. மாத்தி எழுதிக் குடுத்திருக்காங்க. வேற கலர் மாத்திரை."

"விடு" என்றாள் இளையவள். "உனக்குப் பொய் வராது." அவள் அக்கா பக்கம் திரும்பினாள். "நிறுத்திட்டேன். இருபத்திரண்டு நாள். யாரும் சொல்லலை, நானாத்தான்."

"எதுக்கு?"

"நடக்க நடக்கத் தெம்பு வந்தது. இது காலால வந்ததா, மாத்திரையால வந்ததான்னு தெரியலை. காலால வந்ததுன்னா அது என்னோடது. நானே சம்பாதிச்சதுன்னு சொல்லிக்கலாம். அதைத் தெரிஞ்சுக்கணும்னு..." குனிந்து ஷூ முடிச்சைப் பார்த்தாள். "முதல்ல ஒண்ணும் தெரியலை. இப்ப நாலு நாளா மறுபடி மூணு மணிக்கே முழிப்பு வருது."

அக்கா குட்டியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கேட்டைச் சாத்தினாள்.

"இதுக்குத்தான் பயந்தேன். இப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும். நல்லவேளை, பஸ் ஒரு நிமிஷம் முந்தி வந்தது."

"அக்கா..."

"சாயந்தரம் வரேன். பேனா நானே கொண்டு வரேன்."

"நீங்க பேசறதும் கொஞ்சம் ஓவர்தான்" என்றாள் கண்டக்டர். "ஒன்பது வாரம் மழையில வெயில்ல நடந்திருக்காங்க அவங்க. ஒரு நாள் வந்து பார்த்திருப்பீங்களா?"

"நீங்க பார்த்தீங்களே. பக்கத்துலயே இருந்து மூணு வாரமா மாத்திரை போகாததை எவ்வளவு அழகாப் பார்த்தீங்க."

பஸ்ஸில் ஹாரன் விடாமல் அடித்தது. யாரோ ஜன்னல் வழியாக, "குடும்பச் சண்டையை லீவு போட்டுட்டுப் போடுங்கம்மா" என்றார்கள்.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஏறுங்க அண்ணி" என்றாள் கண்டக்டர். மரியாதை திரும்பியிருந்தது. "டெர்மினஸ் போயிட்டு வர்றப்ப வீட்ல விடறேன்."

"வீட்டுக்குப் போகலை. ஆஸ்பத்திரிக்குப் போறேன். எட்டரைக்கு டாக்டர் வந்துடுவார். நிறுத்தினதை நானே போய்ச் சொல்றேன்."

"அதுக்கும் இதே பஸ்தான். ஏறுங்க."

"நடந்து போறேன்."

"இங்கேர்ந்து அஞ்சு ஸ்டாப்பு."

"நேத்து ஆறு."

கண்டக்டர் நகரவில்லை. கை டிக்கெட் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தது. அவள் என்ன நினைக்கிறாள் என்பது அண்ணிக்குப் புரிந்தது.

"ஆஸ்பத்திரிக்கு அப்புறம்தான் பாலம்" என்றாள் இளையவள், மெதுவாக. "அவ்வளவு தூரம் நான் போகலை. போறதாவும் இல்லை. நம்பு."

இரண்டு பேரும் அந்த இடத்தின் பெயரை முதன்முறையாக வாய்விட்டுச் சொல்லியிருந்தார்கள்.

"டாக்டர் திட்டுவார்."

"நீ திட்டினதைவிடவா?"

கண்டக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "காலையில சொன்னது தப்பு. எண்ணம் இல்லாத ஆள்னு சொன்னேன் பாருங்க. அது தப்பு" என்றாள் அவசரமாக, யாருக்கோ மீதிச் சில்லறை கொடுப்பதுபோல. திரும்பி ஓடிப் படிக்கட்டில் ஏறினாள். பஸ் வளைவில் மறையும்வரை அவள் தலை வெளியிலேயே இருந்தது.

நம்பி ஒருவரைத் தனியே நடக்க விடுவது சின்ன உதவிதான். செய்கிறவருக்கு அது எவ்வளவு கனம் என்பதைக் கடவுள் அறிவார்.

இளையவள் நடக்கத் தொடங்கினாள். கால்கள் வலித்தன. மூன்று மணியிலிருந்து விழித்திருந்த கண்கள் எரிந்தன. எட்டாவது ஸ்டாப்பின் நிழற்குடையில் காலியாக ஒரு பெஞ்சு இருந்தது. அதைப் பார்த்தாள். தாண்டிப் போனாள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்று வேகமாக, அழுத்தமாக. இன்னொன்று அதற்கு ஈடு கொடுக்க ஓடி ஓடி.

"நில்லு. குழந்தையால உன் வேகத்துக்கு நடக்க முடியலை."

அக்காவின் குரல். இளையவள் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. திரும்பினால் அவள் வந்த வழியே போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

"உனக்காக வரேன்னு நினைச்சுக்காதே" என்றாள் அக்கா, மூச்சு வாங்கியபடி. "அரை நாள் லீவு சொல்லிட்டு வரேன். இவளை நம்பிக் குழந்தையை அனுப்பலாமா கூடாதான்னு டாக்டர்கிட்ட நானே கேக்கணும். உன் முன்னாடியே கேக்கணும்."

"கேளு."

"கூடாதுன்னு சொன்னார்னா, அங்கேயே கையெழுத்துப் போடுவியா?"

ஒரு லாரி அவர்களைக் கடந்து போயிற்று. அதன் சத்தம் அடங்கிய பிறகும் இளையவள் பத்தடி நடந்தாள். குட்டியின் பைக்குள் பென்சில் பெட்டி குலுங்குவது கேட்டது.

"போடறேன்" என்றாள்.

சொல்லிவிட்டு, குழந்தைக்காக நடையை மெதுவாக்கினாள்.